மூன்றாவது அழைப்பு

ஜனவரியில் இன்னும் ஒரே ஒரு வாரம்தான் பாக்கி. முப்பத்தொன்றாம் தேதியோடு ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டைக் காலம் முடிந்துவிடும். அப்புறம் அக்டோபர் வரைக்கும் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆர்வின் ஓப்சால் சாப்பாட்டு மேசையில் பொதுநில வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் காப்பிக் கோப்பை, உப்பு ஜாடி, கண்ணாடிக் கூடு, ஒரு ஆரஞ்சுப் பழம் என்று கனம் வைத்துவிட்டு, ப்ரெக்கெ சதுப்பைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். மேசைக்கடியில் அவருடைய வேட்டைநாய் ஜூனி அவருடைய காலுறைமேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூனிக்குப் பதினைந்து மாதம். வெள்ளை உடம்பில் துருநிறத் திட்டுகள், குட்டை வால், ஓயாத மூக்கு. இதுதான் கடைசி நாய் என்று ஆர்வின் மனைவியிடம் சொல்லியிருந்தார். அறுபத்தேழு வயதில் இன்னொரு குட்டியை வாங்கிப் பழக்கி ஆளாக்க அவருடைய முட்டி இடம் கொடுக்காது. அந்தக் கடைசி நாயைத்தான் அக்டோபரில் அவருடைய மைத்துனன் வெண்டல் கெடுத்து வைத்தான்.

வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமை. வழக்கம்போல் சொந்தக்காரர்கள் பதினாலு பேர் சோளக் காட்டில் வரிசைகட்டி நடந்தார்கள். இளம் நாயை அந்தக் கும்பலுக்குள் கொண்டுபோனதே ஆர்வினின் புத்தி கெட்ட வேலை. அதை யார் மறுத்தார்கள்? ஒரு சேவல் தாழப் பறந்தது. வெண்டல் ஜூனியின் தலைக்கு நேர்மேலே மூன்று வேட்டு வைத்தான். நாய் அப்படியே தரையோடு தரையாக ஒட்டி, மூத்திரம் பெய்து, எழுந்து ஓடிப்போய் வண்டிக்கடியில் பதுங்கியது.

"ஐயோ அத்தான், நாய்க்கு ஒண்ணும் ஆயிடலியே?" என்று வெண்டல் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. களைச்சுப் போச்சு, அவ்வளவுதான்," என்றார் ஆர்வின்.

பதினாலு பேருக்கு முன்னால் வேறு என்ன சொல்வார்? துப்பாக்கிக்குப் பயப்படும் வேட்டைநாய் வைத்திருக்கிறேன் என்று தெற்கு டகோட்டாவில் எவனுக்காவது வெளியே சொல்ல வாய் வருமா? அன்றிலிருந்து கதவு அடித்தால் ஜூனி சோபாவுக்குப் பின்னால். ரொட்டி சுடும் பெட்டி 'டக்' என்றால் துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பின்னால்.

மூன்று மாதம் ஆர்வின் அதைத் தேற்றினார். சோறு வைக்கும் முன் மரக்கரண்டியால் தட்டை லேசாகத் தட்டுவார். அப்புறம் இரும்புக் கரண்டி. அப்புறம் ஜூனி தின்றுகொண்டிருக்கும்போது கொட்டகைக்கு அந்தப் பக்கமிருந்து பொட்டு வெடித் துப்பாக்கி. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கால் மைல் தள்ளிப் போய்த் தன் சொந்தத் துப்பாக்கி. மனைவி மார்லிஸ் சமையலறையில் நின்றுகொண்டு, நாய் தலையைத் தூக்குகிறதா, தட்டிலேயே இருக்கிறதா என்று பார்த்துக் கையைக் காட்டுவாள். இப்போது கரண்டிச் சத்தம் கேட்டால் போதும், எந்த அறையிலிருந்தாலும் ஜூனி வழுக்கிக்கொண்டு ஓடிவரும்.

இனி ஒன்றுதான் மிச்சம். ஒரு சேவல், ஒரு துப்பாக்கி, ஒரே ஒரு வேட்டு. பறவை விழ வேண்டும். ஜூனி வாய் நிறைய இறகோடு அதைக் கவ்வ வேண்டும். அந்த ஒரு தடவை மட்டும் சரியாக நடந்துவிட்டால், வெடிச் சத்தம் என்றால் பறவை என்று நாய்க்குப் புரிந்துவிடும். தப்பாக நடந்தால் கதை முடிந்தது. இரண்டாவது தடவை மிரண்ட நாய் மறுபடி தேறாது. நாய் வளர்க்கிறவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

அதனால்தான் அவ்வளவு கணக்குப் போட்டார். சனி ஞாயிறில் பொதுநிலத்தில் வெளியூர் வண்டிகள் வரும், ஆகவே செவ்வாய். வடமேற்குக் காற்று, ஆகவே தென்கிழக்கு மூலையிலிருந்து நுழைந்தால்தான் மோப்பம் நாயின் மூக்குக்கு வரும். கனத்த பனிக்குப் பிறகு பறவைகளுக்குச் சதுப்பில் வளரும் சம்புக் கோரைப் புதர்தான் கதி. மத்தியானம் சோளத் தாளில் மேய்ந்துவிட்டு மூன்று மணிக்குப் புதருக்குத் திரும்பும். இந்தக் கடைசி வாரம்வரை உயிரோடிருக்கும் சேவல் சாமானியப்பட்டதல்ல. வண்டிக் கதவு சாத்தும் சத்தத்திலேயே அடுத்த வயலுக்குப் போய்விடும். ஆகவே வண்டியை அரை மைல் முன்னாலேயே நிறுத்தி, கதவைச் சாத்தாமல் ஒட்டிவைத்துவிட்டு நடக்க வேண்டும். கழுத்து மணியைக் கழற்ற வேண்டும். இரண்டே தோட்டா, அதுவும் லேசானது.

இதெல்லாம் மேசைமேல் விரிந்து கிடந்தபோதுதான், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெண்டல் சாப்பிட வந்தான்.

கெட்டவன் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சலே. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டான். பனி விழுந்தால் கூப்பிடாமலே வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். அன்றைக்கும் ஒரு பழ கேக்கோடு வந்து, கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே வரைபடத்தைப் பார்த்துவிட்டான்.

"ப்ரெக்கெ சதுப்பா அத்தான்? எப்போ?"

"செவ்வாக்கிழமை போலாமான்னு பாக்கறேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? "நீயும் வரலாமே," என்றார்.

இந்த ஊர்க்காரர்களின் வாயில் இதைவிட மலிவான சொல் கிடையாது. ஒருவன் ஒரு இடத்துக்குப் போகிறான், இன்னொருவன் கேட்டுவிட்டான் என்றால், நீயும் வாயேன் என்று சொல்லியாக வேண்டும். கேட்டவன் வேண்டாம் என்றாக வேண்டும். மறுபடி சொல்ல வேண்டும், மறுபடி மறுக்க வேண்டும். இரண்டோடு விட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் நிஜமாகக் கூப்பிட்டதாக அர்த்தம். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு.

"வேணாம் அத்தான், நீங்க போயிட்டு வாங்க," என்றான் வெண்டல் முறைப்படி.

"அட, வாயேன்," என்றார் ஆர்வின் முறைப்படி.

"இல்ல அத்தான். நான் எதுக்கு இடைஞ்சலா." வெண்டல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இதோடு முடிந்தது என்று ஆர்வின் வரைபடத்தை மடிக்கக் கையை வைத்தார். அப்போது அவன் குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். "அதுவும் இல்லாம, அன்னைக்கு நாய் பக்கத்துல சுட்டுட்டேனே, அது உங்களுக்கு இன்னும் மனசுல இருக்குமோன்னு எனக்கு ஒரு இது."

அடுப்படியில் மார்லிஸின் கரண்டி நின்றது.

சொல்லியிருக்கலாம். ஆமாம்டா, இருக்கிறது, மூன்று மாதமாக இருக்கிறது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வருமா? அவனே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறானே! ஆனால் ஆர்வினுக்கு முகம் சூடாகி, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவரைப் போல ஆகிவிட்டது.

"சேச்சே! என்ன பேச்சு இது? மனசுல என்ன இருக்கு, ஒண்ணும் கிடையாது. வா மாப்ள, கட்டாயம் வா."

மூன்று.

வெண்டலின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா அத்தான்? அக்டோபருக்கு அப்புறம் என் பசங்க யாரும் வரல. துப்பாக்கி அப்படியே தூங்குது."

அவன் போனதும் மார்லிஸ் தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மூணாவது தடவை யாருங்க கூப்பிடச் சொன்னா?"

"வேற என்ன சொல்றது?"

"ஆமா, மனசுல இருக்குன்னு சொல்றது."

"உன் தம்பிடீ."

"என் தம்பிதான். அதுக்காகப் பொய் சொல்லணுமா? அந்த நாய்க்குத் தட்டத் தட்டி என் கரண்டியே வளைஞ்சு போச்சு. போனைப் போட்டு வராதேன்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

திங்கட்கிழமை போன் செய்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டான். "அத்தான்! இப்பத்தான் கடையிலேர்ந்து வர்றேன். கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி வாங்கினேன், ஒண்ணு உங்களுக்கு. அந்த முட்டிக்குக் குளிர் ஆகாதுல்ல?"

ஆர்வின் போனைக் காதில் வைத்தபடி மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் சுவரைப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்குக் கிளம்பணும், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றார்.

சரி, வருகிறவனைத் தள்ளி நிறுத்திவிட்டால் போயிற்று என்று ராத்திரி படுக்கையில் திட்டத்தை மாற்றினார். சதுப்பின் நீளம் கால் மைலுக்கு மேல். வெண்டலை வடமேற்குக் கோடியில் வேலியோரம் நிறுத்திவிடலாம். ஓடுகிற பறவைகள் அங்கே போய்த்தான் எழும்பும். வேண்டிய மட்டும் சுட்டுக்கொள்ளட்டும். அந்தத் தூரத்து வெடி ஜூனிக்குப் பழகினதுதான். இந்தப் பக்கம் தானும் நாயும் மட்டும். இப்படி யோசித்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் சொல்லி வைத்த மாதிரி இருந்தது. காற்று வடமேற்கு. மண்பாதையில் வேறு டயர் தடமே இல்லை. ஜூனி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியில் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தது. இறங்கும்போது வெண்டல் தன் பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிவைத்தான். சத்தம் வரவில்லை. பார்த்தீர்களா என்று பெருமையாகத் திரும்பினான்.

"நீ அந்தக் கோடியில வேலிகிட்டப் போய் நில்லு மாப்ள," என்று ஆர்வின் கிசுகிசுத்தார். "எல்லாம் அங்கதான் வந்து கிளம்பும். அதுதான் நல்ல இடம்."

"நல்ல இடத்தை எனக்குக் கொடுத்தா எப்படி? நீங்க நில்லுங்க அத்தான், நான் நடக்கறேன். உங்க முட்டி..."

"முட்டிக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போ. வேலியைத் தாண்டற பறவையை மட்டும் சுடு."

"சரி அத்தான்." வெண்டலின் குரல் தழுதழுத்தது. "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு."

அவன் சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு போனான். ஆர்வினுக்கு ஒரு நொடி கூசத்தான் செய்தது. இருந்தாலும் ஜூனியின் மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சதுப்பின் மூலைவரை நடந்து, அங்கே கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, பனிக்கட்டிமேல் கால் வைத்தார்.

சம்பு ஆள் உயரத்துக்குமேல் நின்றது. தோள் பட்டதும் கதிர்கள் உடைந்து பஞ்சு பறந்து கண்ணிலும் வாயிலும் ஒட்டியது. ஜூனி மூக்கைத் தூக்கிக்கொண்டு இடமும் வலமுமாக வேலை செய்தது. அக்டோபரில் செய்ததெல்லாம் ஓட்டம், இது வேலை. ஒரு பெட்டை எழும்பியது, இன்னொன்று, அப்புறம் ஐந்தாறு சேர்ந்தாற்போல். சட்டப்படி பெட்டையைச் சுடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஜூனி திரும்பி அவரைப் பார்த்தது. நல்ல பெண்ணே, நல்ல பெண்ணே என்று வாய்க்குள்ளேயே சொன்னார். அந்த நேரத்தில் வெண்டலை அவர் அறவே மறந்துவிட்டார்.

பாதித் தூரம் போனதும் பனியில் தடம் கிடைத்தது. மூன்று விரல், நடுவே நீள வால் இழுபட்ட கோடு. ஜூனி அதில் மூக்கை வைத்தது, பத்தடி ஊர்ந்தது, நின்றுவிட்டது. முன்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில் இருந்தது. மூக்குக்கு நேரே, பனி மூடிய ஒரு சம்புக் குத்து.

மூன்று மாதக் கரண்டியும் தட்டும் இதற்குத்தான். ஆர்வின் ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி.

குத்து வெடித்துச் சேவல் எழும்பியது. சிவப்புக் கன்னம், வெள்ளைக் கழுத்துப் பட்டை, ஒரு முழ வால், கொக்கரிப்பு வேறு. துப்பாக்கி அவர் தோளுக்கு வந்துவிட்டது. ஆனால் சுடவில்லை. பறவை நாயை விட்டு விலகட்டும், முப்பதடி, நாற்பதடி, சத்தம் தள்ளி விழட்டும் என்று மனதுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு...

வலப்பக்கம், பத்தடியில், புதருக்குள்ளிருந்து மூன்று வேட்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது.

சேவல் சுருண்டு விழுந்தது. ஜூனி தரையோடு ஒட்டியது. பனியில் மஞ்சள் பரவியது. அது தலையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் கண்ணுக்கு எதிரே தோளில் துப்பாக்கியோடு நின்றவர் ஆர்வின். ஒரே ஒரு பார்வைதான். அப்புறம் அது வந்த வழியே வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது.

சம்புவை விலக்கிக்கொண்டு வெண்டல் வந்தான், முகமெல்லாம் பஞ்சு, பல்லெல்லாம் சிரிப்பு. "விழுந்துடுச்சு அத்தான்! நீங்க சுடாம நின்னதும் துப்பாக்கி சிக்கிக்கிச்சோன்னு நினைச்சேன். விட்டா போயிடுமேன்னு நான் போட்டேன்."

"நீ ஏன்டா இங்க வந்தே?"

"அங்க நின்னு பார்த்தேன், ஒண்ணும் வரல. இவ்வளவு நல்ல இடத்தை எனக்கு விட்டுட்டு நீங்க முட்டி வலியோட தனியா மிதிக்கிறீங்களேன்னு மனசு கேக்கல. எதிர்ல வந்து கொஞ்சம் கிளப்பி விடலாம்னு வந்தேன்." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "நாய் எங்க?"

வண்டிக்கடியில் இருந்தது. பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒடுங்கி, பல் கிட்டிக்கொள்ள நடுங்கிக்கொண்டு. ஆர்வின் துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு, வலிக்கிற முட்டியைப் பனியில் ஊன்றிப் படுத்தார். "ஜூனி, வாடா கண்ணு. வாம்மா." கையை நீட்டினார். ஜூனி கையிலிருந்து விலகி அந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஊர்ந்தது. அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வந்தது. கால் மணி நேரம் இப்படியே.

கடைசியில் வெண்டல் சேவலைக் கீழே போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தான். கோட்டுப் பையிலிருந்து காய்ந்த மான்கறித் துண்டொன்றை எடுத்து நீட்டினான். "வா தங்கம்," என்றான்.

ஜூனி அவனிடம் வந்தது. தவழ்ந்து வந்து, கறியைக்கூடத் தொடாமல், அவனுடைய கோட்டுக்குள் தலையைச் செருகிக்கொண்டது.

ஆர்வின் நின்று பார்த்தார். சுட்டவன் இவன். ஆனால் நாய் கண்டது யாரை? அந்த நாயிடம் போய் எந்த மொழியில் சொல்லி விளங்கவைப்பது?

வண்டி தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. ஜூனி வெண்டலின் மடியில் கிடந்தது.

"நீதான்டா கெடுத்தே," என்றார். "அக்டோபர்லயும் நீதான். இன்னைக்கும் நீதான். மூணு மாசம்டா. மூணு மாசமா இதுக்குச் சத்தத்தைப் பழக்கினேன். துப்பாக்கிக்கு பயந்துகிட்டு துணி மெஷினுக்குப் பின்னாடி கிடந்த நாய் இது. எல்லாம் உன்னால."

நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்த வெண்டலின் கை நின்றுவிட்டது.

"அக்டோபர்ல நான் கேட்டேனே அத்தான்."

"கேட்டே."

"களைச்சுப் போச்சுன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமையும் கேட்டேன், உங்க மூஞ்சைப் பார்த்துக் கேட்டேன். சேச்சேன்னீங்க. கட்டாயம் வான்னீங்க." அவன் குரல் உடைந்தது. "நல்ல இடம், அங்க போய் நில்லுன்னீங்க. என்னைத் தள்ளி நிறுத்தத்தான் சொன்னீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாய் பயப்படுது, நீ வராதேன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டேனே."

ஆர்வின் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

வீட்டு வாசலில் மார்லிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஜூனி வெண்டலின் மடியிலிருந்து குதித்து அவள் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடியது. "எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல," என்றார் ஆர்வின்.

வெண்டல் சேவலைப் படியில் வைத்தான். "நான் கிளம்பறேன்க்கா," என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். வெறும் முறைக்குச் சொன்னதுதான். காப்பி குடிச்சுட்டுப் போ என்று யாராவது சொல்ல வேண்டும், அவன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவன் ஆர்வினைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆர்வின் திரும்பி வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். கடைசியில் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் வாங்கிக் கொடுத்த காலுறை ஆர்வினின் காலில் இருந்தது.

"ஏங்க, அவனை ஒரு வார்த்தை உள்ள கூப்பிடல?" என்று மார்லிஸ் திகைத்துப் போய்க் கேட்டாள். நாற்பது வருஷத்தில் அந்த வாசலில் இப்படி நடந்ததில்லை.

"கூப்பிட்டா வந்துடுவான்," என்றார்.

துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதன் வாசம் போகக் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். சோற்றுத் தட்டை நிறைத்தார், வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே. வளைந்த இரும்புக் கரண்டியை எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பின்னால் நகங்கள் தரையைப் பிராண்டின. ஜூனி இன்னும் உள்ளே தள்ளிப் போனது.

ஆர்வின் கரண்டியை இழுப்பறைக்குள் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் சாத்தினார்.